டெக் வாங்கப் போகிறவன் கையில் மூன்று சீடி

போன மாதம் ஒரு பின்னேரம் மருமகன் கோல் எடுத்தான். கல்முனையில் ஒரு கடையில், டிஜேக்கள் பாட்டுப் போடும் சீடி டெக், பாவித்தது, இரண்டு சோடி வந்திருக்கிறதாம். "மாமா, ஒரு சோடி சீடிஜே-400. மற்றது சீடிஜே-1000 எம்கே3. ரெண்டுல எது நல்லம்?"

"போன்ல சொல்ல ஏலாது மனே. சல்லியக் குடுக்காம நில்லு, நான் வாறன்."

அலுமாரிக்கு மேலே இருக்கும் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். அந்த டின்னுக்குள் பிஸ்கட் இல்லை, மூன்று விதச் சீடி இருக்கிறது. களுவாஞ்சிகுடியில் பத்தொன்பது வருடமாகச் சவுண்ட்ஸ் வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, சீசன் வந்தால் அறுகம்பேயில் ஹோட்டல் வேலை. இத்தனை காலத்தில் டெக் வாங்கிய அனுபவம் எல்லாம் அந்த மூன்று சீடிக்குள்தான் சுருங்கிக் கிடக்கிறது.

இந்தக் காலத்தில் சீடி டெக் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சீடிஜே டெக்குகளைச் செய்த பயனியர் கம்பனி 2020இல் விட்ட சீடிஜே-3000இல் சீடி போடும் வாயே கிடையாது. அந்த வரிசையின் பெரிய டெக்குகளில் கடைசியாகச் சீடி வாங்கியது 2016இன் சீடிஜே-2000 நெக்சஸ்2. அறுகம்பேக்கு வரும் வெள்ளைக்கார டிஜேக்கள் சட்டைப் பையில் இரண்டு பென் டிரைவ் மட்டும்தான் கொண்டு வருகிறார்கள். ஆனால் எங்கள் கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரத்துக்கு ஒரு பெரியப்பா மேடைக்குப் பின்னால் வந்து, "தம்பி, இந்த நாதஸ்வர சீடியப் போடுங்க" என்று நீட்டுவார். அப்போது அவரிடம் பென் இருக்கிறதா என்று கேட்க முடியாது. அதோடு, புதுச் சாமான் வாங்கும் சல்லியில் பாவித்த சீடி டெக் சோடியும், இரண்டின் சத்தத்தையும் கலக்கும் ஒரு மிக்சரும் வாங்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

சரி, கடைக்குள் போவோம். டெக்கின் முகத்தைப் பார்க்காதீர்கள். முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் ஊர்களுக்கு வரும் பாவித்த சாமான்களில் யப்பான் சாமான் கனக்க. யப்பானில் கரண்ட் 100 வோல்ட், எங்களுக்கு 230. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் 220–240 என்றோ 100–240 என்றோ இருந்தால் நல்லது. 100 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும். அதன் விலையையும், ஒவ்வொரு வேலைக்கும் அதைத் தூக்கிச் சுமக்கும் பாரத்தையும் டெக்கின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். என் முதல் டெக்கை வீட்டுக்குக் கொண்டு வந்து, ஆசையில் தகட்டைப் பார்க்காமல் நேரே சுவரில் குத்தினேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய மணம், அவ்வளவுதான். ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை. விற்றவன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன், ஆனால் தகட்டில் எழுத்துத் தெளிவாகத்தான் இருந்தது.

தகடு சரியென்றால் டின்னைத் திறவுங்கள்.

முதல் சீடி கம்பனியில் அச்சடித்த அசல் சினிமாப் பாட்டு. கீறல் இல்லை. இது ஓடாத டெக்கைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. இரண்டாவது, நானே கணினியில் எழுதிய சீடி. எண்பது நிமிடத்தில் எழுபத்தொன்பது நிறைத்திருக்கிறேன், வேண்டுமென்றே கொஞ்சம் கீறியும் இருக்கிறேன். இதில் போட வேண்டியது கடைசிப் பாட்டை. சீடி நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கி வாசிக்கப்படுவதால் கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். வட்டு ஆடினாலும் வளைந்தாலும் அங்கேதான் அதிகம் தெரியும். எழுதிய சீடி அச்சடித்ததை விடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ சீடி இன்னும் மோசம். வயதான லேசர் கண்ணுக்கு முதலில் மங்குவது இவைதான். அசல் சீடியைப் போட்டுக் காட்டிவிட்டு 'பாருங்க, கண்ணாடி மாதிரி' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே இரண்டாவதை நீட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையில் கையால் ஒரு குத்தும் விடுங்கள். கல்லடிக் கடற்கரையில் பேஸ் பொக்ஸுக்குப் பக்கத்தில் பலகை போட்டு டெக் வைக்கும்போது வரும் அதிர்வு அதைவிடப் பெரிது. உள்ளே இருக்கும் மெமரி அந்தத் தடுமாற்றத்தை மறைக்க வேண்டும்.

மூன்றாவது சீடிதான் என் உயிர். அதில் பாட்டே இல்லை. நிமிடத்துக்கு 120 தட்டு, 'டிக் டிக் டிக்' என்று பத்து நிமிடம். அதில் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன், சோடிக்குச் சோடி. இரண்டு டெக்கிலும் போட்டு, வேகத்தைப் பூச்சியத்தில் வைத்து, இரண்டு டிக்கும் ஒன்றாக விழும்படி தொடங்கிவிட்டு ஐந்து நிமிடம் கைவைக்காமல் நில்லுங்கள். ஒன்றாகவே விழுந்துகொண்டிருக்க வேண்டும். பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் சிலைடர் இரண்டையும் +4க்குத் தள்ளி மறுபடி கேளுங்கள். இலக்கம் ஒன்றாக இருந்தும் டிக் விலகினால், அல்லது கையை எடுத்த பிறகும் இலக்கம் 4.0, 4.1 என்று துடித்தால், சிலைடருக்குள் தூசி, இல்லாவிட்டால் தேய்மானம்.

இந்தப் பிட்ச் விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் டெக்கை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். பழைய சின்ன டெக்குகள் பலவற்றில் வேகம் 0.1 வீதப் படியில்தான் மாறும். சீடிஜே-1000இல் ±6 வீச்சில் 0.02 படி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 128 பீபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 128 தட்டில், போகும் இரண்டு பாட்டை ஒன்றின் மேல் ஒன்றாக முப்பத்திரண்டு பார் நீளத்துக்குக் கலக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு பாருக்கு நாலு தட்டு. அது 128 தட்டு, அதாவது சரியாக ஒரு நிமிடம். 0.1 படியில் சரியான வேகம் இரண்டு படிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் பிழை 0.05 வீதம். ஒரு நிமிடத்தில் 30 மில்லிசெக்கன் விலகும். இரண்டு பாட்டின் கிக் டிரம் அடியும் 'டும்' என்று விழாமல் 'ட்டும்' என்று விழும். 0.02 படியில் அதே பிழை 6 மில்லிசெக்கன்தான், காது கவனிக்காது. கலக்காமல் பாட்டை மாற்றிப் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. கலக்கிறவருக்கு டெக்கின் விலை வித்தியாசத்தில் பாதி இதற்குள்தான்.

அடுத்தது கியூ பட்டன், பாட்டில் குறித்து வைத்த இடத்துக்கு உடனே கொண்டு போவது. பாட்டை நிறுத்திவிட்டு, டெக்கின் மேலே கையால் சுற்றும் ஜொக் வீலை மெதுவாகத் திருப்புங்கள். சீடியில் ஒரு செக்கனுக்கு 75 துண்டு. ஒவ்வொரு துண்டாக நகரும்போது அந்த இடத்துச் சத்தம் 'ட்ட்ட்ட்' என்று திரும்பத் திரும்ப வரும். பறை அடி தொடங்கும் இடத்துக்கு முன் வெறும் இரைச்சல், இன்னொரு துண்டு போனால் தோலில் குச்சி படும் கூர்மை. அந்த இடத்தில் கியூ வைத்து விட்டுவிட்டுத் தட்டுங்கள். தட்டிய உடனே அடி வர வேண்டும். பாவித்த டெக்குகளில் பிளே, கியூ பட்டனுக்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்சுகள் தேய்ந்திருப்பது சாதாரணம். இருபது முறை தட்டி இருபதும் பிடிக்கிறதா என்று எண்ணுங்கள். பத்தொன்பது என்றால் அந்த ஒன்று உங்கள் மேடையில்தான் வரும். நல்ல திருத்துகாரர் கிடைத்தால் மாற்றித் தருவார். அதனால் டெக்கை வேண்டாம் என்று சொல்லாமல் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ஜொக் வீல் ஆளைப் பொறுத்தது. டெனன் எஸ்சி3900, நியூமார்க் சீடிஎக்ஸ் போன்றவற்றில் மேலே இருக்கும் வட்டத் தட்டு மோட்டாரில் தானாகச் சுற்றும், இசைத்தட்டுப் பழக்கம் உள்ளவருக்கு அது சொர்க்கம். எனக்கு வேண்டாம். உள்ளே சுற்றும் உறுப்புக் கூடினால் உப்புக் காற்றுக்குத் தீனியும் கூடும். எழுவான்கரையில் கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். எந்தத் திருகாணியும் இரண்டு வருடத்தில் வெள்ளை பூக்கிறது. படுவான்கரைக்கு வேலைக்குப் போனால் வேறு பிரச்சினை. வெட்டுக் காலத்தில் வயல் தூசி சீடி நுழையும் வாய்க்குள்ளே போய்க் குந்தும். ஆகவே டெக் எதுவானாலும் மேலே மூடத் துணி ஒன்று. வாய் வைத்த டெக்குக்குள் கடதாசி லேபிள் ஒட்டிய சீடியைப் போடவே கூடாது. சூட்டில் லேபிள் உரிந்து உள்ளே சுருண்டால் பிறகு டெக்கைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

இனி பீபிஎம் காட்டும் இலக்கத்தைப் பற்றி. கடைக்காரர்கள் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு நாலு தட்டுப் பாட்டுக்குச் செய்தது. பைலா ஆறு தட்டு. எங்கள் குத்துப் பாட்டுகளும் பல அப்படித்தான். அங்கே டெக் சில நேரம் ஒன்றரை மடங்கைக் காட்டும், சில நேரம் மூன்றில் இரண்டைக் காட்டும். அதை நம்பி, ஒரு துண்டைத் தானாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஓட்டோ லூப் போட்டால் பாட்டு நடுத்தாளத்தில் நொண்டும். எண்பதுகளின் சினிமாப் பாட்டில் வாசித்தவர்கள் மனிதர்கள், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வேகமே கொஞ்சம் மாறும். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக ஒன்றாக்கும் சிங்க் பட்டன் அங்கே என்ன செய்யும்? ஆகவே கடையில் ஒரு பைலாவைப் போட்டுப் பாருங்கள். இலக்கம் பிழைப்பது குற்றமில்லை. அந்த இலக்கத்துக்காக மேலதிகமாகச் சல்லி கொடுப்பதுதான் குற்றம்.

பென் டிரைவ் குத்தும் டெக் என்றால் உங்கள் சொந்தப் பென்னையே கொண்டு போங்கள். பழைய டெக்குகள் ஃபாட்32 முறையில் தயார் செய்த பென்னைத்தான் வாசிக்கும், என்டிஎஃப்எஸ் என்றால் திரும்பியும் பார்க்காது. 32 ஜீபீக்கு மேற்பட்ட பென்னைப் பழைய விண்டோஸ் தானாக ஃபாட்32 ஆக்கித் தராது என்பதால் சின்னப் பென் இரண்டே போதும். எம்பி3 விஷயத்தில் மொடல் இலக்கத்தின் வாலைக் கவனியுங்கள். 2001இல் வந்த முதல் சீடிஜே-1000க்கும் அடுத்த எம்கே2க்கும் எம்பி3 தெரியாது. 2006இன் எம்கே3க்குத் தெரியும், ஆனால் சீடியில் எழுதிக் கொடுக்க வேண்டும், பென் குத்த இடம் இல்லை. சீடிஜே-400க்குப் பென்னும் குத்தலாம். மூன்று தலைமுறை 1000உம் தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும், அதை வைத்தே விலை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மிக்சரில் குத்தும்போது லைன் என்று போட்ட இடத்தில் குத்துங்கள். இசைத்தட்டுக்கென்று உள்ள போனோவில் குத்திவிட்டு டெக் இரைகிறது என்று திருப்பிக் கொண்டுபோன ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். வயரைப் பிடித்து லேசாக ஆட்டியும் பாருங்கள்.

கல்முனைக் கடையில் என்ன நடந்தது? 1000 எம்கே3 சோடியை எனக்குப் பிடித்திருந்தது. பெரிய வீல், திரையில் பாட்டின் அலை வடிவம், குறித்த இடத்துக்கு உடனே பாய மூன்று ஹொட் கியூ பட்டன். ஆனால் இடப்பக்க டெக் என் இரண்டாவது சீடியின் கடைசிப் பாட்டில் திக்கித் திக்கி நின்றது. கியூ பட்டன் இருபதில் பதினாறு. ஒரு டெக் நல்லது, மற்றது நோயாளி என்றால் அது சோடியே இல்லை. மருமகனுடைய பாட்டெல்லாம் பென்னில்தான் இருக்கிறது. 400 சோடி மூன்று சீடியையும் தாண்டியது, டிக் ஐந்து நிமிடமும் விலகவில்லை. வீல் சின்னது என்று முகத்தைத் தொங்கப் போட்டான். "உன்ட கை பழகும் மனே, லேசர் பழகாது" என்றேன். கேட்ட விலையில் இருந்து கொஞ்சம் குறைத்து வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தால் டிக் சீடியில் ஒரு பிரதி இல்லை. அந்த நோயாளி டெக்கின் வாய்க்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கரண்ட் நிறுத்துவதற்கு முன் சீடியை வெளியே எடுக்கச் சொல்லி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கடைக்காரருக்குக் கோல் எடுத்து, முன்னால் ஊசி குத்தும் சின்னத் துளை இருக்கிறது, கரண்ட் இல்லாமலே அதில் குத்தினால் சீடி வரும் என்று சொன்னேன். எடுத்து வைக்கிறேன் என்றார். இன்னும் போகக் கிடைக்கவில்லை.