பாட்டுக்கு கவர் படம் செய்யப் போகிறீர்களா? எழுத்திலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் சொந்தமாகப் பாட்டு வெளியிடும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, மிக்ஸிங்கிலும் பெரிய குறை சொல்ல முடியாது. கவரைப் பார்த்தால் மட்டும் எல்லாம் ஒரே சாயல்: கறுப்புப் பின்னணி, மரினா பே இரவு விளக்குகள், நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட பாடகர், மேலே ரத்தம் சொட்டும் எழுத்தில் தலைப்பு. இது ராப்பா, தாலாட்டா, காதல் தோல்வியா என்று ஒன்றும் புரியாது. கவரின் முதல் வேலையே அதைச் சொல்வதுதான்.

கவருக்கு இப்படி ஒரு வேலை வந்ததே 1940 வாக்கில்தான். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற வடிவமைப்பாளர் படம் போட்ட அட்டைகளைக் கொண்டு வரும்வரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெறும் தாள் உறையில்தான் விற்றன. எல்பி இசைத்தட்டுக் காலத்தில் 12 அங்குலச் சதுரம் கிடைத்தது, சிடி அதை 12 சென்டிமீட்டர் ஆக்கியது, இப்போது ஃபோனில் கட்டைவிரல் நகத்தளவுதான் மிச்சம். அந்த அளவில் மரினா பே வெறும் புள்ளிக் கூட்டம்.

என்னைக் கேட்டால், படம் தேடுவதற்கு முன்னால் எழுத்தை முடிவு செய்யுங்கள். பாட்டு என்ன வகை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். பிளாக் மெட்டல் என்ற முரட்டு ராக் வகைக் குழுக்களின் பெயர்களைப் பாருங்கள், முட்புதர் மாதிரி பின்னிக் கிடக்கும், படிக்கவே முடியாது, வெளியாள் உள்ளே வராதே என்பதுதான் அங்கே செய்தி. ஜாஸுக்கு ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் 1950, 60களின் அட்டைகள்: பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அதன் மேல் ஒரே ஒரு நிறம், வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸ் பெரிதாக அடுக்கிய எழுத்துகள். எழுத்தே தாளம் போடும். இத்தனைக்கும் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடு கிடையாது என்பார்கள், தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயன் இசையின் மனநிலையை எடுத்துச் சொல்வாராம், இவர் அதை வைத்து வடிவமைப்பாராம். நீங்கள் ஒரு டிசைனரிடம் வேலை கொடுத்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். "நல்லா மாஸா பண்ணுங்க" என்றால் மறுபடியும் கூலிங் கிளாஸ்தான் வரும்.

நம் பக்கத்திலும் இந்த வழக்கங்கள் உண்டு. மஞ்சளும் சிவப்புமாகத் தடித்த எழுத்து, சாமி படம், பூமாலை என்றால் பக்திப் பாட்டு. பட்டுப்புடவை, தம்புரா, பாடகர் பெயர் பெரிதாக என்றால் கர்நாடக இசை. தீயும் மேளமும் கூரான எழுத்தும் என்றால் உறுமி மேளம். உங்கள் பாட்டுக்கு நெருக்கமான கவர்கள் இருபதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை விரலால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் பாருங்கள், வகை தானாகவே தெரியும். கலவையான பாட்டு என்றால் ஒன்றை வழக்கப்படி விட்டுவிட்டு இன்னொன்றை மாற்றுங்கள். உறுமியை எலக்ட்ரானிக்கோடு கலந்தவர் மேளத்தை வைத்துக்கொள்ளட்டும், தீயை எடுத்துவிட்டு வெள்ளைப் பின்னணியில் மெல்லிய நேர்க்கோட்டு எழுத்தைப் போடட்டும்.

தமிழ் எழுத்துருவில் இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. கேட்டமரான் மெலிதிலிருந்து மிகத் தடிமன் வரை பல எடைகளில் வரும், பாப்புக்கும் எலக்ட்ரானிக்குக்கும் பொருந்தும். பலூ தம்பி குண்டு குண்டாக இருக்கும், குழந்தைப் பாட்டுக்குச் சரி, சோகப் பாட்டில் போட்டால் சிரிப்பார்கள். கவிவனார் சாய்ந்த கையெழுத்து, கிட்டார் மட்டும் வைத்துப் பாடுகிறவர்களுக்கு நல்லது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஆங்கிலத்தில் எழுத்துகளை அகலமாக இடைவெளி விட்டுப் போட்டால் ஸ்டைலாக இருக்கும், தமிழில் அதையே செய்தால் "கொ" மூன்று துண்டாகப் பிரிந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். அகலம் வேண்டுமென்றால் அகலமான எழுத்துருவையே எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் இடைவெளியைத் தொடாமலே எழுத்து உடைந்து வந்தால் டைப் செட்டிங்கில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய எழுத்துருவில் புள்ளி சின்ன அளவில் காணாமல் போகும், அதையும் பாருங்கள். ஏஐ கருவி படத்தோடு சேர்த்துத் தரும் தமிழை நம்பவே நம்பாதீர்கள், தூரத்தில் தமிழ், கிட்டப் போனால் கிறுக்கல்.

இனி படம். சினிமாப் பாட்டின் கவரில் நடிகர் முகம் இருப்பதற்குக் காரணம் உண்டு, அந்த முகம்தான் விற்கிறது. நம் முகத்தை இன்னும் யாருக்கும் தெரியாது. ஈசூனில் இருக்கும் ஒரு தம்பி, இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவைப் பற்றிப் பாடியிருந்தான். ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். கவரில் அவனே கறுப்புச் சட்டையில் முறைத்துக்கொண்டு நிற்கிறான். ஏன்டா என்றால், "சோகம்ணே, அதான் கறுப்பு" என்றான். கடைசியில் போட்டது அவர்கள் வீட்டு வாசல் படம்: கிரில் கதவுக்கு வெளியே ஷூ ரேக், எல்லாருடைய செருப்புக்கும் நடுவே சிமென்ட் காய்ந்த சேஃப்டி பூட்ஸ் ஒரு ஜோடி, இன்னும் அணையாத காரிடார் விளக்கின் மஞ்சள். பூட்ஸ் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி, பெயரைக் கவிவனாரில் சின்னதாக மூலையில் போட்டோம். சோகம் என்று யாரும் எழுதி வைக்கத் தேவைப்படவில்லை.

ஒரே பொருள், தெளிவான உருவம், அதுதான் சின்ன அளவில் நிற்கும். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 1973 ஆல்பத்தில் முன்பக்கம் பெயரே கிடையாது, முக்கோணக் கண்ணாடியும் பிரியும் ஒளியும்தான். ஜாய் டிவிஷன் குழுவின் 1979 அட்டையில் ஒரு பல்சார் நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்புகள், கறுப்பில் வெள்ளைக் கோடுகளாக. கறுப்பு அங்கே சரி, அந்த இசையே அப்படி. நிறம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், இரண்டு போதும், அவை எதிரெதிராக நிற்க வேண்டும்.

முடித்ததும் ஃபோனில் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, எம்ஆர்டி ரயிலில் போகும்போது பாருங்கள். பாட்டைக் கேட்காத ஒருவரிடம் காட்டி, இது எப்படி ஒலிக்கும் என்று கேளுங்கள். "வேகமான பாட்டா?" என்று அவர் கேட்டு, உங்களுடையது தாலாட்டாக இருந்தால், திரும்ப எழுத்துருவுக்கே போங்கள்.

பாட்டை ஆன்லைனில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனத்துக்கு அனுப்பும்போது 3000க்கு 3000 பிக்சல் சதுரம், ஆர்ஜிபி (திரைக்கான) நிறம். இன்ஸ்டாகிராம் முகவரி, விலை, இணையதளப் பெயர் எதுவும் கவரில் வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவரில் உள்ள பாட்டின் பெயரும் பதிவில் கொடுக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். தீபாவளிக்கு விடுகிறவர்கள் மூன்று வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள், கவரைத் திருத்தச் சொன்னாலும் தேதி தள்ளிப்போகாது, ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை அனுப்பி வைக்கவும் நேரம் இருக்கும்.