கடற்கரைத் தோப்பில் தேன்பெட்டி: கூட்டம் கிளம்பிப் போகாமல் இருக்க

மண்டபம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கத் தோப்புகளில் பெட்டி வைப்பவர்களுக்கு வரும் பெரிய இழப்பு, கூட்டம் மொத்தமாகக் கிளம்பிப் போவது. அது திடீரென்று நடப்பதில்லை. பல நாள் முன்பே பெட்டிக்குள் அறிகுறி தெரியும்.

பெட்டியில் வளர்வது அடுக்குத் தேனீ. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை, பெட்டிக்கு ஒத்துவராது. அடுக்குத் தேனீ இருட்டான பொந்தில் வரிசையாகப் பல அடை கட்டும். அதனால்தான் பெட்டிக்குள் தொங்கும் மரச் சட்டங்களில் ஏறுகிறது. வெயில், எறும்பு, பசி என்று ஏதாவது தொல்லை நீடித்தால் இடத்தை விட்டுவிடுவதும் அதன் இயல்பே.

முதலில் தண்ணீர். புழு இருக்கும் அடைகளைத் தேனீ 34–35 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும். வெயில் ஏறினால் பணித்தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அறைகளின் மேல் துளித்துளியாகப் பூசி, இறக்கையால் விசிறி ஆற்றும். கடல்நீர் இதற்கு உதவாது. பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி, அகலமான மண்சட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, தேனீ உட்காரக் கூழாங்கல்லோ தேங்காய் மட்டையோ போடுங்கள். ஒருநாளும் சட்டி காயக் கூடாது. காய்ந்தால் அவை வேறு இடம் பழகிவிடும், திருப்புவது கடினம்.

அடுத்தது காற்று. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் மேல்காற்று பலமாக வீசும்போது சுமையோடு திரும்பும் தேனீ வாசலில் இறங்க முடியாமல் மணலில் விழும். வாசல் கிழக்கே பார்த்திருக்கட்டும், பெட்டிக்கு மேற்கே ஒரு தென்னங்கீற்றுத் தட்டி நிற்கட்டும். ஐப்பசி மழையில் சாரல் கிழக்கிலிருந்து வரும் என்று பெட்டியைத் தூக்கித் திருப்பிவிடாதீர்கள். வாசல் இருக்கும் இடத்தைத் தேனீ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. பெட்டி சில அடி நகர்ந்தாலும் வெளியே போனவை பழைய இடத்தையே சுற்றும். முன்பக்கம் இன்னொரு தட்டியை நான்கடி தள்ளி நட்டு, பெட்டியை முன்பக்கமாக லேசாகச் சாய்த்தால் போதும்.

தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தும் எறும்பு ஏறினால், காற்று கொண்டுவந்த மணல் கிண்ணத்தை நிரப்பிப் பாலம் போட்டிருக்கும். வாரம் இரண்டு முறை கழுவுங்கள். இரும்புத் தாங்கி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். கல்தூணோ பனங்கட்டையோ மேல்.

வாரம் ஒருமுறை, காற்றில்லாத காலையில், தேங்காய் நார்ப் புகை காட்டித் திறந்து பாருங்கள். ராணியைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம், முட்டையைத் தேடுங்கள். அறையின் அடியில் ஒற்றை வெள்ளை நூல்துண்டுபோல் நிற்கும். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். ஆகவே முட்டை தெரிந்தால் ராணி மூன்று நாளுக்குள் அங்கே இருந்திருக்கிறது. முட்டையிலிருந்து பணித்தேனீ வெளிவர ஏறக்குறைய 20 நாள் ஆகும், ராணிக்கு 16, ஆணுக்கு 24. ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் ராணி இல்லை, பணித்தேனீயே இடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றிலிருந்து ஆண் மட்டுமே வரும், கூட்டம் தேய்ந்துவிடும்.

அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைபோல் ராணி அறைகள் தொங்கி, ஆண்தேனீயும் பெருகியிருந்தால் கூட்டம் பிரியப் போகிறது. அது வளம் மிகுந்ததன் அடையாளம். ஆண் அறையின் மூடியில் நுண்ணிய துளை இருக்கும், நோய் என்று பயப்பட வேண்டாம். இதற்கு நேர்மாறாக, முட்டை நின்று, புழு குறைந்து, தேன் வற்றி, வாசலில் போக்குவரத்தும் அடங்கினால் மொத்தமாக விட்டுப் போகத் தயாராகிறது. அப்போது ஒரு கிலோ சீனியை ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, மாலையில் 200 மில்லி அளவு, சிரட்டையில் சுள்ளி மிதக்கவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே சிந்தினால் மற்ற கூட்டங்கள் கொள்ளைக்கு வந்துவிடும். எறும்பையும் மெழுகுப்பூச்சி அரித்த பழைய அடையையும் அன்றைக்கே அகற்றுங்கள்.

கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கிவிடும், உடனே நகத்தால் வழித்தெடுங்கள். அந்த இடத்தில் வாழைப்பழ வாசம் வரும். மற்றவற்றைச் சண்டைக்கு அழைக்கும் வாசம் அது. அங்கே புகை காட்டிவிட்டுத்தான் அடுத்த சட்டத்தைத் தொட வேண்டும்.