மெக்கானிக்கல் முடித்து வேலைக்காக ஊர் மாறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை, நெல்லைப் பக்கமிருந்து மெக்கானிக்கல் முடித்துச் சென்னைக்கு வருபவர்களில் பலர், நண்பர்கள் இருக்கிறார்கள் என்று வேளச்சேரியிலோ கிண்டியிலோ ரூம் எடுத்துவிடுகிறார்கள். ஐ.டி. வேலைக்கு அது சரிவரும். கார், லாரி, பைக் ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் பெரும்பாலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, மறைமலைநகர் பக்கம்தான். பல கம்பெனிகள் ஷிப்டுக்கு பஸ் விடுகின்றன. அது நிற்கும் இடத்துக்கு அதிகாலையில் நடந்தே போகிற தூரத்தில் ரூம் இருக்க வேண்டும். ஆகவே ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை தாம்பரத்திலோ பூந்தமல்லியிலோ மாத வாடகை ஹாஸ்டல் போதும். பல மாத அட்வான்ஸ் கொடுத்து ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால், தொலைவில் கிடைக்கும் நல்ல வேலையையும் விட்டுவிடத் தோன்றும்.

சென்னையை மட்டுமே நினைப்பதும் தவறு. வார்ப்பு, பம்பு, மோட்டார், நூற்பாலை இயந்திரங்களில் நாட்டமிருந்தால் கோவை. வெல்டிங், ஃபேப்ரிகேஷன் என்றால் பெல் (BHEL) ஆலையை ஒட்டி வளர்ந்த திருச்சி துவாக்குடி. இருசக்கர வாகனம், மெஷின் ஷாப் என்றால் ஓசூர்.

கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் கேட் (CAD) கோர்ஸ் சான்றிதழை மட்டும் நம்பி இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள். குவாலிட்டி, புரொடக்‌ஷன் வேலைகளுக்கு மேஜையில் ஒரு வெர்னியரையும் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) லேத்தில் கடைந்த சிறு உருளை (pin) ஒன்றையும் வைத்து அளக்கச் சொல்வார்கள். முதலில் வெர்னியரின் தாடைகளை மூடி, அது பூஜ்யம் காட்டுகிறதா என்று ஜீரோ எரர் பாருங்கள். அதைப் பார்க்காமல் அளந்தாலே மதிப்பெண் போய்விடும். மெயின் ஸ்கேலில் 24 மி.மீ., வெர்னியரில் 18ஆவது கோடு ஒத்துப்போகிறது, லீஸ்ட் கவுண்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 என்றால், 18 × 0.02 = 0.36 சேர்த்து அளவு 24.36. அடுத்து டிராயிங்கில் 25 எச்7 துளையைக் காட்டுவார்கள் (25 மி.மீ. விட்டம், எச்7 என்பது எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறியீடு). அது 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். மொத்த டாலரன்ஸே (அனுமதிக்கப்படும் வித்தியாசம்) 0.021தான், 0.02 மட்டுமே படிக்கும் வெர்னியரால் அதைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. துளையைச் சோதிக்கும் பிளக் கேஜ் அல்லது போர் கேஜ் வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருந்தால் உங்களைத் தனியாகக் கவனிப்பார்கள்.

ஆஃபர் லெட்டரில் சம்பளத்துக்கு முன் லெட்டர்ஹெட்டைப் பாருங்கள். வேலை பெரிய ஆலைக்குள் இருக்கும், ஆனால் ரோல் (யாருடைய ஊழியர் என்ற பதிவு) கான்ட்ராக்டருடையதாக இருக்கும். கான்ட்ராக்டில் ஒரு வருடம் போட்டுவிட்டு அப்ரண்டிஸ் ஆகலாம் என்பது தப்புக் கணக்கு. ஓராண்டோ அதற்கு மேலோ அனுபவம் இருப்பவரை என்.ஏ.டி.எஸ். என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தில் பொதுவாக எடுப்பதில்லை. படிப்பு முடித்த கையோடு முயல வேண்டியது அப்ரண்டிஸ்தான். அதிலும் நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை, பி.எஃப். பிடித்தமும் இராது.

சி.டி.சி.யை (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) கையில் வரும் தொகை என்று எண்ணி வீட்டுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சி.டி.சி. 18,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000 என்றால், பி.எஃப்.க்கு 12 சதவீதம் வீதம் கம்பெனி பங்கு 1,440, உங்கள் பங்கு 1,440. மீதி 15,120. இ.எஸ்.ஐ., கேன்டீன், பஸ் பிடித்தம் இதற்குப் பிறகு.

டெபாசிட் கட்டினால் வேலை என்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டி, சரிபார்த்தவுடன் அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று எழுதித்தரும் பாண்டுக்கு அவற்றை அடமானமாகக் கேட்டால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.