வெப் சர்வர் ஓடுகிறது, டேட்டாபேஸ் கிடைக்கவில்லை: எங்கிருந்து பார்ப்பது?

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் நெல் கொள்முதல் கணக்கு இரண்டு லினக்ஸ் கணினிகளில் ஓடுகிறது. ஒன்றில் வெப் சர்வர், இன்னொன்றில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். குறுவை அறுவடை நேரம், முதல்நாள் இரவு மழையில் கரண்ட் போய் வந்திருந்தது. காலையில் கணக்குப்பிள்ளையிடமிருந்து போன்: "தம்பி, சர்வர் செத்துப்போச்சு. வாசல்ல டிராக்டர் நிக்குது."

கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் யாரும் நேரே மேட்டூருக்கு ஓடுவதில்லை. நம் வயல் மடையில் தொடங்கி, கன்னி வாய்க்கால், மதகு என்று பார்த்துக்கொண்டே மேலே போவோம். இதற்கும் அதே நடைதான். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன்; டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று உடனே வந்தால், அந்த முகவரியில் ஏதோ ஒரு கருவி உயிரோடு இருக்கிறது, ஆனால் நீங்கள் தட்டிய போர்ட்டில் (ஒவ்வொரு நிரலும் காத்திருக்கும் எண்ணிட்ட கதவு) பெரும்பாலும் யாரும் இல்லை. நெடுநேரம் சுற்றிவிட்டு 'டைம்ட் அவுட்' என்றால் பதிலே வரவில்லை; யாரை உள்ளே விடுவது என்று காவல் காக்கும் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். கடவுச்சொல் தவறு என்றோ, பிஜி_எச்பிஏ கோப்பில் (போஸ்ட்கிரெஸில் யார் எங்கிருந்து நுழையலாம் என்ற பட்டியல்) அனுமதி இல்லை என்றோ வந்தால் சந்தோஷப்படுங்கள். நெட்வொர்க் சரியாக இருக்கிறது.

அடுத்து, சோதனையை வெப் சர்வருக்குள் நுழைந்து செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து செய்தால் நீங்கள் பார்ப்பது வேறு வாய்க்கால். அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பிவிட வேண்டாம். அன்று நான் டேட்டாபேஸ் கணினியின் முகவரியான 192.168.1.20-க்குப் பிங் அடித்தேன், டக்கென்று பதில் வந்தது. கணினி நன்றாக இருக்கிறது என்று நினைத்து அரைமணி நேரம் போஸ்ட்கிரெஸ் அமைப்புகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிங் போர்ட்டைத் தொடுவதே இல்லை. போர்ட்டைப் பார்க்க இப்படி அடிக்க வேண்டும்:

என்சி -விஇசட் 192.168.1.20 5432

அடித்தேன், 'ரெஃப்யூஸ்ட்'. 5432 போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்; உங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்றால் அதற்குப் பதில் 3306.

இனி டேட்டாபேஸ் கணினிக்கே போக வேண்டும். அங்கே 'சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி' என்று அடித்தால் எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று பட்டியல் வரும். 5432-க்கு முன்னால் 127.0.0.1 மட்டும் இருந்தால், அது தன் வீட்டுக்குள் கூப்பிடுபவருக்கு மட்டுமே கதவு திறக்கும். போஸ்ட்கிரெஸை நிறுவியவுடன் இப்படித்தான் இருக்கும். புதிதாக இரண்டு சர்வர் அமைப்பவர்கள் அதிகம் சிக்கும் இடமும் இதுவே. போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பில் லிசன்_அட்ரஸஸ் என்ற வரியில் அந்தக் கணினியின் முகவரியையும் சேருங்கள். இதற்கு ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். பிஜி_எச்பிஏ கோப்பில் வெப் சர்வரின் முகவரிக்கு ஒரு வரி சேருங்கள். அதற்கு ரீலோட் போதும். மைஎஸ்கியூஎல்-இல் பைண்ட்-அட்ரஸ் வரியைப் பாருங்கள்.

ஃபயர்வாலில் வெப் சர்வரின் முகவரிக்கு மட்டும் 5432-ஐத் திறங்கள். "சும்மா ஆஃப் பண்ணிப் பார்ப்போம்" என்று ஆஃப் செய்தவர்கள் திரும்ப ஆன் செய்து நான் பார்த்ததில்லை. சர்வர் கிளவுடில் இருந்தால் அங்கே செக்யூரிட்டி குரூப் என்ற இன்னொரு ஃபயர்வால் தனி மதகு, அதையும் பாருங்கள்.

சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் இல்லை என்றால் இணைப்பு எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம். போஸ்ட்கிரெஸில் வழக்கமான உச்சவரம்பு 100.

சரி, ஆலைக்கு என்ன ஆயிற்று? டேட்டாபேஸ் கணினியில் மானிட்டரை மாட்டி 'ஐபி ஏ' என்று அடித்தேன். முகவரி 192.168.1.34. கரண்ட் வந்ததும் ரவுட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறது. 20 போய்ச் சேர்ந்தது ஆபீஸ் பிரிண்டருக்கு. அவ்வளவு நேரம் என் பிங்குக்குப் பதில் சொன்னது அந்தப் பிரிண்டர்தான்.

ரவுட்டரில் டேட்டாபேஸ் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 20-ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, பிரிண்டரையும் அந்தக் கணினியையும் அணைத்துப் போட்டேன். அடுத்த நிமிடம் முதல் டிராக்டருக்கு எடைச்சீட்டு வந்தது, அதே பிரிண்டரிலிருந்து.