கறுப்புக் கண்பட்டை மட்டும் போதாது: கேம் பைரசி நகைச்சுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசு கொடுக்காமல் திருட்டு நகலில் கேம் ஆடுவதை ஆங்கிலத்தில் பைரசி, அதாவது கடற்கொள்ளை என்பார்கள். அதனால் கேம் பற்றிப் பேசும் எந்தக் குழுவிலும் ஒரு கடற்கொள்ளையர் இருப்பார். புது கேமின் விலை அறிவிப்பு வந்த சூட்டோடு சூடாக, மண்டையோட்டுக் கொடிப் படத்தைப் போட்டு, "பாயை விரிங்கடா, கடல் கூப்பிடுது!" என்று குதித்துவிடுவார். முதல் தடவை சிரிப்பு வரும். நூறாவது தடவை கட்டைவிரல் தானாகத் தள்ளிவிட்டுப் போகும். காரணம் எளிது. கொள்ளையர் வேடம் என்பது அடிப்படையில் கோமாளி வேடம். அதைக் கட்டியவர் தானே அடி வாங்கத் தயாராக இருந்தால்தான் அது சிரிப்பு. வேடத்தோடு கதாநாயகனாகவும் நிற்கப் பார்த்தால் எல்லாம் பிசகிவிடும்.

உறுமினால் போதும் என்று நினைப்பது

"ஆர்ர்ர்" என்று நீட்டி எழுதிவிட்டால் ஜோக் ஆகிவிடாது. அந்த உறுமல் நிஜக் கொள்ளையர்களுடையதுகூட அல்ல. 1950-ல் வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' படத்தில் ராபர்ட் நியூட்டன் என்ற நடிகர் தென்மேற்கு இங்கிலாந்தின் வட்டார வழக்கை இழுத்து இழுத்துப் பேசினார். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. 1995-ல் இரண்டு அமெரிக்க நண்பர்கள் விளையாட்டாக ஆரம்பித்த 'கொள்ளையர் போலப் பேசும் நாள்', இன்றும் செப்டம்பர் 19 அன்று இணையம் முழுக்க உறுமிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் போதும் என்பது என் கட்சி.

நிஜக் கொள்ளையர்களிடம் சரக்கு இதைவிட நிறைய உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலைக் கலக்கிய பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் தன் கப்பலுக்கு எழுத்தில் விதிமுறை வைத்திருந்தார். காசு வைத்துச் சூதாடக் கூடாது. இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும். அதற்கு மேலும் குடிக்க ஆசைப்பட்டால் மேல்தளத்துக்குப் போய்க் குடிக்கலாம். வாத்தியக்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. படித்தால் கொள்ளைக் கூட்டம் மாதிரியா இருக்கிறது? கண்டிப்பான மாடரேட்டர் எழுதிய குழு விதி மாதிரி இருக்கிறது. இங்கேதான் ஜோக் கிடக்கிறது. "அந்தக் காலக் கப்பலில் எட்டு மணிக்கு விளக்கணைப்பார்கள். இந்தக் காலக் கப்பலில் எட்டு மணிக்கு டவுன்லோடு முடியும், எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு ஒருத்தரும் சீட் செய்ய இருக்க மாட்டார்கள்." டோரண்ட் என்பது ஆட்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் முறை; இறக்கியதை மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் சீட் செய்வது. இதில் உறுமல் ஒன்றுகூட இல்லை. அடியும் நம் கூட்டத்துக்குத்தான்.

கேம் செய்தவர்கள் சிரிக்கத் தெரியாதவர்கள் என்று நினைப்பது

இந்தத் துறையில் ஆகச் சிறந்த ஜோக்குகள் எல்லாம் எதிர்க்கப்பலிலிருந்து வந்தவை. 1990-ல் வெளியான 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' கேமே கடற்கொள்ளையர் கேம்தான். நகலெடுப்பதைத் தடுக்க அதன் பெட்டியில் ஓர் அட்டைச் சக்கரத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். அதைச் சுழற்றி, ஒரு கொள்ளையனின் நெற்றிப் பாதியையும் தாடைப் பாதியையும் பொருத்தி, அங்கே தெரியும் ஆண்டைக் கேமில் தட்டினால்தான் உள்ளே விடும். கொள்ளையன் ஆக விரும்பும் பையனின் கதையை ஆட வருகிறவரிடம், "நீ கொள்ளையன் இல்லை என்று காட்டு" என்று கேட்கிறது கேம்! இதை மிஞ்சும் மீம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

1995-ல் அமெரிக்காவில் வந்த 'எர்த்பவுண்ட்' கொஞ்சம் கொடூரம். திருட்டு நகல் என்று தெரிந்தால் வழியெங்கும் எதிரிகளைக் கூட்டிக்கொண்டே போகும். அதையும் தாங்கிக் கடைசிச் சண்டை வரை வந்தவருக்கு, அங்கே உறைந்து நின்று, சேமித்த ஆட்டம் முழுவதையும் அழித்துவிடும். 2011-ல் 'சீரியஸ் சாம் 3' சாகவே சாகாத ஓர் இளஞ்சிவப்பு ராட்சதத் தேளை விட்டுத் துரத்தியது. 'ஆலன் வேக்' கேமின் 2012 கணினிப் பதிப்பு இன்னும் நாசூக்கு: திருட்டு நகலில் கதாநாயகனான எழுத்தாளர் ஆட்டம் முழுக்கக் கண்ணில் கொள்ளையர் பட்டையோடு திரிவார். வேறு தொந்தரவு கிடையாது. இருட்டில் திகிலோடு ஓடும் எழுத்தாளருக்கு அந்தப் பட்டை கச்சிதமாகப் பொருந்தாமல் இருப்பதுதான் அழகு.

இதெல்லாம் தெரியாமல் நேரே கேம் நிறுவனத்தின் உதவிப் பக்கத்துக்கே போய்க் குறை சொல்கிறவர்கள் உண்டு. 2009-ல் 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' வந்தபோது, பேட்மேன் இறக்கையை விரித்து மிதக்க மறுக்கிறார், என்ன கோளாறு என்று ஒருவர் கேட்டார். அது திருட்டு நகலுக்கென்றே வைத்த பொறி. கோளாறு கேமின் நிரலில் இல்லை, உங்கள் ஒழுக்கத்தின் நிரலில்தான் இருக்கிறது என்ற பொருளில் பதில் வந்தது. கேட்டவர் எழுதியதில் ஒரு ஜோக்கும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எல்லாரையும் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

தோணியைப் பார்த்துப் பீரங்கி திருப்புவது

பெரிய நிறுவனத்தைக் கிண்டல் செய்தால் அது கப்பலுக்குக் கப்பல் சண்டை. இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து செய்த கேமைப் பிடித்து, "கொள்ளையடித்தாச்சு, அடுத்த வெர்ஷன் எப்போ?" என்று அவர்களையே டேக் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

'கேம் டெவ் டைகூன்' கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கேம் கம்பெனி நடத்தும் கேம் அது, இரண்டு சகோதரர்கள் செய்தது. 2013 ஏப்ரலில் விற்பனைக்கு விட்ட கையோடு, கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த நகல் ஒன்றையும் அவர்களே டோரண்டில் ஏற்றினார்கள். அந்த நகலில் ஆட்டம் நன்றாகத்தான் போகும். சில மணி நேரம் கழித்து, நீங்கள் பாடுபட்டு உருவாக்கிய கேம்களை எல்லாரும் காசு கொடுக்காமல் ஆடுகிறார்கள் என்று செய்தி வரும். பிறகு கல்லா காலியாகும், கம்பெனி மூழ்கும். முதல் நாள் கணக்கில் ஆடியவர்களில் 93.6 சதவீதம் பேர் கிராக் நகலில் இருந்தார்கள். அவர்களில் சிலர் பொதுவெளிக்கு வந்து, இந்தக் கேமில் பைரசியைத் தடுக்கும் தொழில்நுட்பத்தை ஆராய்ச்சி செய்ய வழி உண்டா என்று கேட்டார்கள். திருட்டு நகலில் உட்கார்ந்துகொண்டு திருட்டைப் பற்றிப் புலம்பல்! சகோதரர்கள் யாரையும் திட்டவில்லை. கொள்ளையர்களையே கொஞ்ச நேரம் கம்பெனி முதலாளி ஆக்கிப் பார்த்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2012-ல் 'ஹாட்லைன் மயாமி' வந்தபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவர் டோரண்ட் தளத்துக்கே போய், அங்கே கோளாறோடு தவித்தவர்களுக்கு உதவினார். திருடாமல் இருந்தால் நல்லது, ஆனாலும் புரிகிறது என்ற தொனியில் பேசினார். அப்படி ஒருவரிடம் வாயடிக்க யாருக்கு மனசு வரும்?

வேடத்தைக் கலைக்காமலே பிரசங்கம் செய்வது

"வாங்கியது நமக்குச் சொந்தமில்லை என்றால், எடுத்தது திருட்டும் இல்லை." இந்த வசனம் எல்லாப் பதிவுக்கும் அடியில் தொங்குகிறது. அதன் பின்னால் நிஜமான கோபம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். 'தி க்ரூ' என்ற கார் பந்தயக் கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஆட முடியாமல் போனது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறையாகக் கிடைப்பதில்லை என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல்லே, பைரசி பெரும்பாலும் விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினை என்று சொன்னவர்தான்.

ஆனால் இதைப் பேசும்போது தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நேராகப் பேசலாம். நேற்று வெளியான, எல்லாக் கடையிலும் கிடைக்கிற கேமுக்கு அழிந்துபோன கேம்களின் சோகத்தைச் சாட்சிக்கு அழைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள், சிரிக்கவும் மாட்டார்கள். பிரசங்கம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இதே கதிதான். 1992-ல் அமெரிக்க மென்பொருள் வெளியீட்டாளர் சங்கம் ஃபிளாப்பி நகலெடுக்காதே என்று ஒரு ராப் பாட்டு வீடியோ எடுத்தது. முழு மனதோடு எடுத்த எச்சரிக்கை. இன்று அது ஊர் சிரிக்கும் மீம்.

கண்ணடித்துக்கொண்டே வழிகாட்டுவது

இது ஜோக்கே அல்ல, ஆனால் ஜோக் உடையில் வருவதால் சொல்ல வேண்டியிருக்கிறது. "நான் ஒன்றும் சொல்லலப்பா" என்று ஒரு சிரிப்பு எமோஜியைப் போட்டு, கீழே லிங்க் கொடுப்பது. எமோஜி இருக்கிறது என்பதற்காக மாடரேட்டரோ சட்டமோ அதை நகைச்சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குழுவே மூடப்பட்டால் உறுமவும் இடம் இருக்காது.

"ஆண்டிவைரஸ் கத்தினால் அணைத்துவிடு, அது சும்மா கத்தும்" என்பது இதைவிட மோசம். கேட்கிறவர் பதின்மூன்று வயதுப் பையனாக இருக்கலாம். கிராக்கனோஷ் என்ற தீநிரலைப் பற்றி 2021-ல் அவாஸ்ட் நிறுவனம் வெளியிட்ட விவரம் இது: கிராக் கேம்களுக்குள் ஒளிந்து வந்து, ஆண்டிவைரஸை முடக்கி, 2,22,000-க்கும் அதிகமான கணினிகளில் சத்தமில்லாமல் கிரிப்டோ நாணயம் தோண்டியது. புதையல் தோண்டியது என்னவோ உண்மை. பெட்டி போய்ச் சேர்ந்தது வேறு ஆளிடம்.

லிங்க், வழிகாட்டல் எதுவும் இல்லாமல் சிரிக்க வைக்க முடியாதா என்றால், லினக்ஸ் ஐஎஸ்ஓ ஜோக்கைப் பாருங்கள். என்ன இறக்குகிறாய் என்று யார் கேட்டாலும், "லினக்ஸ் ஐஎஸ்ஓதான்" என்று முகத்தில் சலனமில்லாமல் சொல்வது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவும் கோப்பு அது, டோரண்டில் இறக்குவதற்கு முழுக்க முறையான பொருள். எத்தனையோ ஆண்டாக ஓடும் ஜோக், இன்னும் தேயவில்லை. ஏனென்றால் சொல்கிறவர் மோசமாகப் பொய் சொல்கிறார், அது அவருக்கும் தெரியும். "எட்டு ஹார்டு டிஸ்க் நிறைய லினக்ஸா?" என்று கேட்டால், "ஆமாம், கதை நன்றாக இருந்தது, டிராகன்தான் கொஞ்சம் கஷ்டம்" என்பார்.