மகள் வீட்டுக்குப் போன சாக்கில் மாயன் கோயில்கள்: ஒரு சயான்வாசியின் வழிகாட்டி

மும்பை சயானில் எங்கள் கட்டடத்திலிருந்து வருஷத்துக்கு நாலைந்து ஜோடியாவது பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறார்கள். எல்லோரும் நயாகரா முன்னால் மழைக்கோட்டு போட்டு எடுத்த படத்தோடு திரும்புகிறார்கள். நானும் என் மனைவியும் ஹூஸ்டனில் மகள் வீட்டுக்குப் போன சாக்கில், மாயன் என்ற பழங்குடி மக்கள் கட்டிய கோயில்களைப் பார்க்க மகள் குடும்பத்தோடு மெக்சிகோவுக்கும் ஒரு நடை போய் வந்தோம். அன்றிலிருந்து லிப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்படிப் போனீங்க அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் சென்ட்ரல் ரயில்வேயில் லோக்கல் வண்டிக்கு கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். நிமிஷக் கணக்கு பார்க்கும் புத்தி இன்னும் போகவில்லை. அந்தப் புத்தியே என்னை எங்கே கவிழ்த்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் விசா. கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குச் சுற்றுலா போக இந்தியர்களுக்குத் தனி விசா வேண்டாம். கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் இதே சலுகை உண்டு. ஆனால் பெற்றோர் விசாவைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் விசாவைப் பார்க்க மறந்துவிடுகிறோம். வேலை அனுமதிக் காகிதம் நடப்பில் இருந்தாலும், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. எங்கள் மாப்பிள்ளையின் விசாவில் மூன்று மாதம்தான் மிச்சம் இருந்தது, தப்பித்தோம். இன்னொன்று, மெக்சிகோ போய் வந்தால் அமெரிக்காவில் தங்கப் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

எப்போது போவது? பொங்கல் முடிந்து சிவராத்திரிக்குள் போய்விடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிக் காலம். வசந்தம் தொடங்கி ஆகஸ்ட் வரை சர்காஸம் என்ற பழுப்புக் கடல்பாசி கரையில் குவிந்து நாறும். நாங்கள் பிப்ரவரியில் போனோம்.

எல்லோரும் கான்கூன் என்ற கடற்கரை நகரத்தில் தங்கி, அங்கிருந்து டூர் பஸ்ஸில் சிச்சென் இட்சா என்ற பழைய மாயன் நகரத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். போக 200 கிலோமீட்டர், வர 200 கிலோமீட்டர். நடுவில் கைவினைக் கடையில் ஒரு நிறுத்தம், பஃபே சாப்பாட்டுக்கு இன்னொரு நிறுத்தம். கோயில் வாசலில் இறங்கும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். விமானம் இறங்கியதும் நேராக வயாதோலித் என்ற சின்ன ஊருக்குப் போய் இரண்டு ராத்திரி தங்குங்கள். அங்கிருந்து சிச்சென் இட்சா முக்கால் மணி நேரம்தான். காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்கலாம். டிக்கெட் இரண்டு வாங்க வேண்டும், ஒன்று மத்திய தொல்லியல் துறைக்கு, ஒன்று மாநில அரசுக்கு. ஏமாற்றுகிறார்களோ என்று நான் முறைத்தேன், அதுதான் முறையாம். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம் என்பதால் தாதர் பாலம் மாதிரி நெரிசல், அன்றைக்குப் போக வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் குக்குல்கான் என்ற இறகுப் பாம்புச் சாமியின் பிரமிடு. நாலு பக்கமும் 91 படிகள், மேல்தளம் ஒன்று, ஆகக் கூடி 365. பஞ்சாங்கத்தைக் கல்லில் கட்டிய மாதிரி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில், சாயங்கால வெயிலில் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் பாம்பு இறங்குவது போல் நிழல் விழும். அன்றைக்குக் கூட்டமும் விழும். ஏற அனுமதி இல்லை, முட்டிவலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். வடக்குப் படிக்கட்டுக்கு நேர் எதிரே கொஞ்சம் தள்ளி நின்று ஒரு தடவை கையைத் தட்டுங்கள். படிகளில் பட்டுத் திரும்பும் ஓசை பறவை கீச்சிடுவது போல் வரும். கெட்சால் என்ற அவர்களுடைய புனிதப் பறவையின் குரல் இது என்கிறார்கள். வேண்டுமென்றே கட்டினார்களா, தற்செயலா, நமக்கென்ன? நான் பத்துத் தடவையாவது தட்டியிருப்பேன். பேத்தி வெட்கப்பட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

பந்தாட்டக் களத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். 168 மீட்டர் நீளம், நம் பன்னிரண்டு பெட்டி லோக்கலை நிறுத்தினால் பாதிக்கு மேல் அதற்குள் நிற்கும். சுவரில் உயரத்தில் கல் வளையங்கள் இருக்கின்றன. கீழே புடைப்புச் சிற்பத்தில் தலை வெட்டப்பட்ட ஆட்டக்காரனின் கழுத்திலிருந்து ரத்தம் பாம்பு பாம்பாகப் பீறிடுகிறது. 10 மணிக்கெல்லாம் வியாபாரிகள் கடை பரப்பிவிடுவார்கள். சிறுத்தை மாதிரி உறுமும் மண் ஊதல் எல்லாத் திசையிலும் கேட்கும். அதற்குள் இந்தச் சிற்பத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. மாயன் மொழியில் சி என்றால் வாய், சென் என்றால் கிணறு. இட்சா மக்களுடைய கிணற்றின் வாயில் உள்ள ஊர் என்று அர்த்தம். இந்த யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைக்கு மேல் ஆறே கிடையாது. சுண்ணாம்புப் பாறை மழையைக் குடித்துவிடும், உள்ளே குகையாக அரிக்கும், கூரை இடிந்தால் பெரிய கிணறாகத் திறந்துகொள்ளும். அதைத்தான் செனோட்டே என்கிறார்கள். மும்பையை விட்டுக் கிளம்பும் முன் கால் பழக ஞாயிறுதோறும் கன்ஹேரி குகைப் படிகளை ஏறினோம். அங்கே பிக்குகள் பாறையில் தொட்டி வெட்டி மழைநீர் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்திருந்ததால், இந்த மக்கள் தண்ணீருக்காக என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பது சட்டென்று விளங்கியது. கோயில் வளாகத்தில் உள்ள புனித செனோட்டேயில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூர்வாரியபோது தங்கம், பச்சைக்கல், மனித எலும்பு எல்லாம் வந்தன. அதில் குளிக்கக் கூடாது.

குளிக்க வேறு செனோட்டேகள் நிறைய உண்டு. சிச்சென் இட்சாவிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இக் கில். தண்ணீர் தரைக்கு 26 மீட்டர் கீழே. இறங்கும் முன் ஷவரில் உடம்பைக் கழுவச் சொல்வார்கள். சன்ஸ்கிரீன் தடவியிருந்தால் விடமாட்டார்கள், அதனால் முழுக்கை சட்டையோடு போங்கள். மிதவைச் சட்டை கொடுப்பார்கள். என் மனைவி அம்பாசமுத்திரத்துக்காரி, தாமிரபரணியில் நீந்திப் பழகியவள். எட்டிப் பார்த்துவிட்டு "எங்க தோட்டத்துக் கிணறு மாதிரில்லா இருக்கு" என்று இறங்கிவிட்டாள். நான் படியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை நனைத்தேன்.

இப்போது அந்த நேர விவகாரம். சிச்சென் இட்சாவும் வயாதோலித்தும் யுகட்டான் மாநிலம். கான்கூனும், கடலோரக் கோயில் ஊரான துலுமும் பக்கத்து மாநிலமான கின்டானா ரோ. இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், கடற்கரைப் பக்கம் முந்தி. மேற்கே போகும்போது ஒரு மணி நேரம் இனாமாகக் கிடைக்கும், திரும்பும்போது வட்டியில்லாமல் பிடுங்கிக்கொள்வார்கள். வயாதோலித்தில் மதியம் சாப்பிட்டுவிட்டுத் துலும் கிளம்பினோம். மாப்பிள்ளையின் போன் ஒரு நேரம் காட்டியது, என் எச்எம்டி வாட்ச் ஒரு நேரம் காட்டியது. "போன் தப்பு, வாட்ச் சரி" என்றேன். கோயில் வாசலில் என் வாட்சில் 2.45, அங்கே 3.45. கடைசி நுழைவு 3.30-க்கே முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் பம்பாய்க்கே தனி நேரம் இருந்தது, ரயில் மட்டும் மதராஸ் நேரத்தில் ஓடியது என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் படித்தவனுக்கே இந்தக் கதி. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள்தான் ஊர் வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் 8 மணிக்குப் போனோம், அதுவும் நல்லதாயிற்று. துலும் மதில் சூழ்ந்த துறைமுக ஊர். 12 மீட்டர் உயரக் குன்றின் விளிம்பில் கோயில், கீழே நீலமும் பச்சையுமாகக் கரீபியன் கடல். கிழக்கு வெயில் முகத்தில் விழும் அந்த வேளைதான் அழகு. 1518-இல் ஹுவான் தெ கிரிஹால்வாவின் ஸ்பானியக் கப்பல்கள் இந்தக் கரையோரம் போயின. சிச்சென் இட்சாவை விடக் கட்டடங்கள் சிறியவை, வேலைப்பாடும் குறைவு. அதை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கல்லைப் பற்றி ஏமாற்றம் வராது, கடல் ஈடு கட்டிவிடும். ஒரு கோயில் வாசலுக்கு மேலே தலைகீழாக இறங்கும் சாமி ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். வண்டி நிறுத்தத்திலிருந்து நல்ல நடை, நிழல் கிடையாது. பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளே விடவில்லை, எவர்சில்வர் பாட்டில் கைகொடுத்தது.

அங்கிருந்து 44 கிலோமீட்டரில் கோபா என்ற இன்னொரு பழைய மாயன் ஊர். காட்டுக்குள் பரந்து கிடக்கிறது, உயரமான நோஹோச் முல் பிரமிடு 42 மீட்டர். நடக்க முடியாதவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா உண்டு, பேரம் பேசாமல் ஏறுங்கள்.

வாடகைக் கார் எடுத்தால், இணையத்தில் பார்த்த தொகையோடு கட்டாயக் காப்பீட்டைக் கவுன்டரில் சேர்ப்பார்கள். எங்களுக்கு இரண்டு மடங்கு ஆயிற்று. முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். கிராமங்களில் வேகத்தடைகள் எருமை முதுகு மாதிரி இருக்கும், பலவற்றுக்குப் பலகையே இல்லை.

சைவக்காரர்கள் இரண்டு சொல் கற்றுக்கொண்டால் போதும்: "சின் கார்னே", இறைச்சி வேண்டாம், "சின் மன்டேகா", பன்றிக்கொழுப்பு வேண்டாம். இரண்டாவதுதான் முக்கியம், பீன்ஸ் மசியலில் அது ஒளிந்திருக்கும். பூசணி விதையை வறுத்து அரைத்த சிக்கில் பாக் நம் துவையலுக்குத் தம்பி. சாயா என்ற கீரையும் நன்றாக இருந்தது. புளித்தண்ணீர் எங்கும் கிடைக்கும். அப்புறம் சப்போட்டா! நாம் மும்பையில் சிக்கூ என்று வாங்கும் பழத்துக்கு இதுதான் பிறந்த வீடு, அங்கே பெயர் சிக்கோ சபோத்தே. குக்குல்கான் கோயிலின் வாசல் உத்திரங்களே சப்போட்டா மரம்தான்.

கடைசி இரண்டு நாளைக் கடலுக்கு வையுங்கள். கான்கூனிலிருந்து படகில் இருபது நிமிஷம், இஸ்லா முஹேரெஸ் தீவு. வடகரையில் தண்ணீர் இடுப்பளவுதான், நீந்தத் தெரியாத என் போன்றவர்களும் நடந்து போய் நிற்கலாம். தெற்கு முனையில் இஷ்செல் என்ற தேவிக்குச் சின்னக் கோயில், பிள்ளைப்பேற்றுக்கு வேண்டிக்கொள்ளும் சாமி. பவளப்பாறை பார்க்கிறவர்கள் காலை முதல் படகில் போங்கள், மதியம் காற்று எழும்பித் தண்ணீர் கலங்கிவிடுகிறது.

அமெரிக்காவுக்குள் பழம் கொண்டுபோக விடமாட்டார்கள். என் மனைவி பையில் ஒளித்து வைத்திருந்த இரண்டு சப்போட்டாவையும் கான்கூன் விமான நிலையத்தில் உட்கார்ந்தே உரித்துத் தின்றோம். விதைகளை அவள் கைக்குட்டையில் முடியப் பார்த்தாள். நான்தான் வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.