பாலியஸ்டர் பேனாக் கட்டை தெறிக்காமல் கடைய

பேனாவின் உடலைக் கடைந்தெடுக்க அக்ரிலிக் கட்டையில் பழகிய கைக்குப் பாலியஸ்டர் ரெசின் கட்டை சண்டித்தனம் செய்யும். முனைகளில் சில்லு சில்லாகப் பெயர்ந்து, உள்ளே ஒட்டிய பித்தளைக் குழாய் எட்டிப் பார்க்கும். உளியைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். எனக்குப் பாதித் தொல்லை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஏற்றுவதற்கு முன்பே இருந்தது.

குழாய்க்கான 7 மி.மீ. துளையைக் கட்டையின் மறுமுனை வரை போடுவதை நிறுத்தினேன். கட்டையைக் கொஞ்சம் நீளமாக விட்டு, துரப்பணம் வெளியே வருவதற்குள் நிறுத்தி, மிச்சத்தை அறுத்துத் தள்ளினால் முனை உடையாது. அடிக்கடி பிட்டை வெளியே இழுத்துத் துருவலைத் தட்டிவிட வேண்டும். சூடேறினால் ரெசின் இளகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். குழாயை எபாக்சி பசை போட்டு இடைவெளியில்லாமல் ஒட்டினேன். ஒட்டாத இடம்தான் முதலில் தெறிக்கிறது. கண்ணாடி போன்ற கட்டை என்றால் துளைக்குள் முதலிலேயே பெயின்ட் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் பித்தளை தெரியும்.

நான்கு மூலைகளையும் உப்புத்தாள் பட்டை சுழலும் பெல்ட் சாண்டரில் மழித்த பிறகே லேத். முனை சாய்வாக உள்ள ஸ்கியூ உளியைத் தாங்கியில் படுக்கை வசமாக வைத்துச் சுரண்டினேன். இரு பக்கமும் சாய்வு இருப்பதால் அது கட்டைக்குள் பாய்வதில்லை. அழுத்தவே கூடாது. நீள நீளமாக நாடா சுருண்டு வந்தால் சரி, பொடி வந்தால் சாணை பிடிக்கும் நேரம்.

மெருகுக்கு 1500 முதல் 12000 எண் வரை மைக்ரோ மெஷ் (நுண்ணிய தேய்ப்புத் துணி), தண்ணீர் தொட்டு. ஒவ்வொரு படியிலும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் நாலு தேய்ப்பு. வட்டக் கீறல்கள் மறைந்துவிடும்.